பந்தலில் தொங்கிய முகம்

சீதைக்குக் கோபம் சுலபத்தில் வராது. வந்துவிட்டால் வாடகை கொடுக்காமலே குடியிருக்கும்.

பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இது எல்லாருக்கும் தெரியும். பாதி நாள் ஓடாத லிஃப்டுக்கும் தெரியும். ஒருமுறை சௌரஸ்தா பாசாரில் ஒரு மீன்காரர் முதல் நாள் மீனை அன்றைய மீன் என்று அவள் கூடையில் போட்டுவிட்டார். சீதை சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி என்று இலவசமாகப் பாடம் நடத்தினாள். மத்தியானத்துக்குள் மீன்காரர் ஒரு நல்ல வாவல் மீனைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போக்கா, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார். அவளுடைய சாம்பாரைத் தண்ணீர் என்று சொன்ன நாத்தனாருக்கு அதன் பிறகு எந்த விருந்திலும் சாம்பார் கிடைக்கவில்லை. அவள் இலைக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் வரும். "உனக்குத் தனியா எடுத்து வச்சேன்" என்பாள் சீதை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படிப்பட்டதுதான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து, எறும்பின் கால் அளவு கம்பிகளைப் பார்த்து, கோணலாக இருப்பதை எல்லாம் 'ரிஜெக்ட்' தட்டில் தள்ள வேண்டும். காலையில் சில்லுகளைத் தள்ளுவாள். மாலையில் மாம்பழத்தை மோந்து பார்த்துத் தள்ளுவாள், துணியின் ஓரத்தை எச்சில் தொட்டுச் சாயம் பார்த்துத் தள்ளுவாள். அவள் தள்ளாமல் வைத்திருந்த ஒரே பொருள் புருஷன் பெரியகருப்பன்தான் என்று பஸ்ஸில் பெண்கள் சிரிப்பார்கள்.

பெரியகருப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். 'வளர்ந்தவர்' என்பது ஒரு பேச்சுக்கு. ஆள் எப்போதும் ஒல்லி. கூட வேலை செய்தவர்கள் 'நெத்திலி' என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை பளு தூக்கும் கொக்கி இடது காதின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. "காதோட போச்சே, கழுத்தோட போகல" என்றுதான் அன்றைக்கும் சொன்னார். அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. நாற்பது தாண்டியதும் முட்டியும் முதுகும் பழைய மூட்டைகளின் பாரத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தன. ஃபெர்ரியில் ஏறி பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் முகம் கறுத்துவிடும்.

அப்போதுதான் தமிழ்ப் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. 'வஜ்ரத்தூண் கேப்சூல். மூட்டுவலி, முதுகுவலி, நரம்புத் தளர்ச்சி பறந்தோடும். முழுக்க மூலிகை. பக்கவிளைவு அறவே இல்லை. தபால் மூலம் மட்டும்.' கீழே புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தபால் பெட்டி எண். கடையும் இல்லை, ஆளும் இல்லை.

மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் இதையும் தூக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்த்தாள். அங்கேதான் வினையே. பழுப்புக் காகிதம் சுற்றிய பார்சலை, சீருடை போட்ட தபால்காரர் அப்துல் ஹமீது கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். சீதை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு பக்கமும் தபால் நிலைய முத்திரை, ஊர்ப்பேச்சில் சாப்பா, வட்டவட்டமாக, மை காயாமல்.

"கவர்மெண்ட் சாப்பா குத்தியிருக்கு. சும்மா குத்துவானா?" என்றாள்.

அன்றைக்கு அந்த பிளாட்டில் யாரும் சும்மா குத்துவார்கள் என்று நினைக்கவில்லை. தொழிற்சாலை பஸ்ஸிலும் அதே பேச்சு. "கடையில வாங்கினா கடைக்காரன் சொல்றதுதான் வேதம். இது பதிவுத் தபால்ல வருதுலா" என்றாள் ஒருத்தி. "பொய்யா இருந்தா பேப்பர்ல போட விடுவாங்களா?" என்றாள் இன்னொருத்தி. சீதையின் பக்கத்து இருக்கை காமாரியா மட்டும், "டாக்டர்கிட்டப் போனா ஊசியக் குத்துவான், இங்க சாப்பாவக் குத்துறான். இது வலிக்காது" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு வாரத்தில் பெரியகருப்பன் படியில் தாவி ஏறினார். பசி எடுத்தது. இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டார். கன்னம் உப்பி, கழுத்து மறைந்து, நெத்திலி முழுநிலா ஆனது. "அண்ணே, என்ன உடம்பு பூசின மாதிரி இருக்கு, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று மாடிப்படியில் கேட்டார்கள். நம்மவர்களுக்குச் சதை போட்டால் சந்தோஷம், ஒட்டிப்போனால் துக்கம். அதற்கு மேல் உடம்பைப் பற்றி யாரும் படித்ததில்லை. பெரியகருப்பன் கண்ணாடி முன்னால் சற்று நேரம் கூடுதலாக நின்று தலை சீவினார். சீதை பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

பிறகு பார்சலோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது: குணமடைந்தவர்கள் படம் அனுப்பினால் மூன்று மாத மருந்து இலவசம். சீதை புருஷனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, பையில் பேனா செருகி, பினாங்கு ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனாள். அடுத்த மாதம் பேப்பரில் பெரியகருப்பன் சிரித்தார். இடது காதில் துண்டு இல்லாதது வரை தெளிவாக விழுந்திருந்தது. பஸ்ஸில் பேப்பர் கைமாறியது. ஏழெட்டுப் பெண்கள் அந்த முகத்தை நம்பிப் பணம் கட்டினார்கள். காமாரியாவும் தன் அம்மாவுக்காகக் கட்டினாள்.

தீபாவளி நெரிசலில் ஒரு பார்சல் தாமதமானது. கேப்சூல் தீர்ந்த சில நாட்களில் பெரியகருப்பன் ஃபெர்ரித் துறையில் வாந்தி எடுத்து, அப்படியே மடிந்து விழுந்தார்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர், "வேற என்ன மருந்து சாப்பிடுறாரு?" என்று கேட்டார். சீதை அன்று காலைதான் வந்து சேர்ந்த புது டப்பாவைப் பெருமையாகவே எடுத்து நீட்டினாள், சாப்பா குத்திய காகிதத்தோடு. டாக்டர் ஒரு கேப்சூலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: மூலிகைப் பொடிக்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வலியை அமுக்கும். சர்க்கரையை ஏற்றும். எலும்பை அரிக்கும். திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும்.

"ஆனா நல்லாச் சதை போட்டாரே டாக்டர்" என்றாள் சீதை.

"அது சதை இல்லம்மா. வீக்கம்."

சீதை அந்த டப்பாவைப் பைக்குள் வைத்தாள். கோபம் அப்போதுதான் பெட்டி படுக்கையோடு உள்ளே வந்தது.

வீக்கம் வடிந்தது. பழைய நெத்திலிகூடத் திரும்பி வரவில்லை, நெத்திலிக் கருவாடுதான் வந்தது. கைத்தடி, சர்க்கரை நோய், தொட்டால் நீலம் கட்டும் தோல். துறைமுக வேலை போயிற்று. காமாரியா விஷயம் தெரிந்த அன்றே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போய்விட்டாள். சீதை ஓர் அரசாங்க அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரி மரியாதையாக எழுதிக்கொண்டார், விசாரிக்கிறோம் என்றார். தபால் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் பெயர் சொக்கநாதன் என்பது வரை தெரிந்தது. ஆளை யாரும் பார்த்ததில்லை. அவரும் யாரையும் பார்த்ததில்லை. விசாரணை ஆமையாக நகர, பேப்பரில் மட்டும் வாராவாரம் பெரியகருப்பன் கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் உள்ளவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க, பேப்பரில் உள்ளவர் மருந்து விற்றார். சீதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த முகம் இன்னொரு கேப்சூலை விற்கக் கூடாது.

முதலில் அகப்பட்டவர் தபால்காரர்.

"நீங்கதானே சாப்பா குத்திக் கொண்டாந்து கொடுத்தீங்க?" என்றாள், கதவில் சாய்ந்துகொண்டு.

அப்துல் ஹமீது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அக்கா, சாப்பா தபால் செலவுக்கு. மருந்துக்கு இல்ல. உள்ள என்ன இருக்குன்னு யாரு பார்க்கிறா? ஒட்டி, கட்டிக் கொடுத்தா குரங்கா இருந்தாலும் குத்துவாங்க."

சீதை கதவிலிருந்து நிமிர்ந்தாள். இத்தனை வருஷம் செவுளைத் தூக்கிப் பார்த்தவள், மூடியின் மேலிருந்த மையைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள். பிறகு, "எதுவா இருந்தாலும் குத்துவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் சௌரஸ்தா மீன்காரர் கடையை மூடியிருப்பார்.

அந்த வாரமே புக்கிட் மெர்தாஜாம் தபால் பெட்டிக்கு ஒரு பதிவுப் பார்சல் போயிற்று. உள்ளே இறால் தலைகள். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டி, வெயிலில் நன்றாக ஊறவைத்தவை. 'குணமடைந்தவரின் அன்புப் பரிசு' என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாள். நாலு பக்கமும் சாப்பா அழகாக விழுந்தது. அதை நினைத்து நினைத்து மூன்று நாள் தானாகச் சிரித்தாள். நாலாம் நாள் பேப்பரில் விளம்பரம் இரண்டு மடங்காக வந்தது. கீழே புது வரி: 'பொறாமைக்காரர்களின் பேச்சை நம்பாதீர்.' நாற்றம் மூக்கோடு போய்விட்டது, முகம் அப்படியே நின்றது.

தைப்பூச ரதத்துக்கு முதல் நாள் காமாரியா பஸ்ஸில் ஏறியதும் சீதையின் கையைப் பிடித்தாள். "அக்கா, தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப பார்த்தேன். தண்ணீர்மலைக் கோயில் ரோட்டுல அந்த மருந்துக்காரன் பந்தல் போட்டிருக்கான். அண்ணன் மூஞ்சி வீடு உயரத்துக்கு."

வேலை முடிந்து சீதை நேராக அங்கே போனாள். ரோட்டின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள். வங்கிப் பந்தல், துறைமுகத் தொழிலாளர் பந்தல், லாரி கம்பெனிப் பந்தல். நடுவில் வஜ்ரத்தூண் பந்தல். மேலே துணியில், பெயிண்டர் சாவகாசமாக வரைந்த பெரியகருப்பன். ரோஜா நிறக் கன்னம், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. படம் வரைந்தவர் நேர்மையானவர், காதின் ஓரத்தையும் விடாமல் கிழித்திருந்தார். நாளைக்குப் பினாங்கு முழுக்க அதன் கீழே நடக்கும். சீதை திரும்புகிற வழியில் ஒரு டின் தார் வாங்கினாள்.

வீட்டில் டின்னைப் பார்த்ததும் பெரியகருப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்கு சீத?"

"பூசத்தான். விடியறதுக்குள்ள அந்தத் துணியில மூஞ்சியே இருக்காது."

அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "தார் வேணாம்."

"ஏங்க, அந்தப் பாவிக்கு இரக்கப்படுறீங்களா?"

"அவனுக்கு இல்ல." குரல் தரையைப் பார்த்தது. "அந்தப் படத்துல நான் நல்லாத்தானே இருக்கேன். பொறந்ததுலேர்ந்து அப்படி இருந்ததே அந்த ஆறு மாசந்தான். வீக்கம்னு தெரியும். இருந்தாலும் நீ தார் பூச வேணாம்."

சீதை டின்னை எடுத்து அடுப்புக்குக் கீழே தள்ளினாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப அவன் விக்கட்டும்னு விட்டுடறதா?" என்றாள் முதுகைத் திருப்பிக்கொண்டு.

"அந்த வெள்ளைச் சட்டை எங்க?" என்றார் பெரியகருப்பன். "நான் வந்து படத்துக்குக் கீழ உக்காந்துக்கிறேன். பார்க்கிறவங்க பார்க்கட்டும்."

சீதை திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அந்த ஆளுக்குள் இப்படி ஒரு விஷமம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்கு ஒன்றுக்கு இரண்டாக முட்டை பொரித்துப் போட்டாள்.

மறுநாள் காலை ரோடெல்லாம் உடைந்த தேங்காய். வெள்ளி ரதம் வரும் வழியில் சீனர்களும் தமிழர்களும் தோளுக்குத் தோள் நின்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியகருப்பன் மடக்கு நாற்காலியில், பந்தலின் வாசலில், தன் முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அதே சட்டை, அதே பேனா. உப்பிய உடம்புக்குத் தைத்த சட்டை இப்போது கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. சீதை கூட்டத்துக்குள் நின்றாள். இடுப்பில் ஒரு கூடை, கூடையில் ஒரு தேங்காய். அவளைச் சுற்றித் தொழிற்சாலை பஸ்ஸில் பாதி. காமாரியா ஒரு விசிறியோடு முன்வரிசையில் நின்றாள்.

சொக்கநாதன் வெள்ளை ஜிப்பாவில் மைக்கைப் பிடித்திருந்தார். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அதுவே சீதைக்கு எரிச்சலாக இருந்தது. வாசலில் கிழவனைப் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவை பார்த்தார். "ஐயாவுக்கு ஒரு ரோஸ் தண்ணி கொடு" என்று பையன்களிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"எனக்கு இனிப்பு ஆகாது தம்பி" என்று பெரியகருப்பன் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேல பாருங்க பக்தகோடிகளே. யாரு இவரு? பினாங்குத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. எழுந்து நிக்க முடியாம கெடந்தவரு. வஜ்ரத்தூண் சாப்பிட்டாரு, தூணா நிக்கிறாரு."

சனங்கள் மேலே பார்த்தார்கள். பிறகு, நாற்காலி வழியில் இருந்ததால், கீழேயும் பார்த்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒரு குழந்தை, "அம்மா, இந்தத் தாத்தா காதும் மேல இருக்கிற மாமா காதும் ஒன்னு போல இருக்கு" என்றது. அம்மா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சீதை தொண்டையைச் செருமினாள். "ஐயா, அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு? ஒரு தடவ பார்க்கலாமா?"

சொக்கநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்கம்மா. என் கூடப்பொறந்த தம்பி மாதிரி. நேத்துகூட எங்க வீட்டுல கை நனைச்சாரு. இந்நேரம் மலைப்படி ஏறி முருகனப் பார்த்துக்கிட்டு இருப்பாரு."

பெரியகருப்பன் கைத்தடியைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"நான் இங்கதான் இருக்கேன் முதலாளி. படி ஏற முடியல."

பெரிய குரல் இல்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. அது ரோடு முழுக்கக் கேட்டது.

அடுத்த பந்தலின் உருமிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருவர் கையிலிருந்த ரோஸ் தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். பிறகு வரிசையாகக் கோப்பைகள் திரும்பின. யாரும் கூச்சல் போடவில்லை. துண்டுப் பிரசுரம் வாங்கியவர்கள் அதைப் பெரியகருப்பன் மடியில் போட்டுவிட்டு நடந்தார்கள். மலர் வைக்கிற மாதிரி ஒருவர் அதைக் குனிந்து வைத்தார்.

சொக்கநாதன் மைக்கை விட்டுவிட்டு இறங்கி வந்தார். வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. "அண்ணே, நீங்கன்னு தெரியாமப் போச்சே. பின்னால வாங்க, உக்காந்து பேசிக்கலாம்."

"தெரியாதுதான்" என்றாள் சீதை, நடுவில் வந்து. "நீங்க அவர எங்க பார்த்தீங்க? நாங்க உங்கள எங்க பார்த்தோம்? பேச ஒன்னும் இல்ல. மூஞ்சிய இறக்குங்க."

"அம்மா, நல்ல நாளு அதுவுமா..."

சீதை கூடையிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்தாள். சொக்கநாதன் அரை அடி பின்னால் போனார். "கழட்டுலா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "கழட்டு, கழட்டு" என்றாள் காமாரியா, விசிறியை ஆட்டிக்கொண்டே. முதலாளி சொல்வதற்குள், ரோஸ் தண்ணி ஊற்றிய பையன்களே கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். வீடு உயரத்து முகம் ஒரு பக்கம் சாய்ந்து, மடிந்து, மெல்லக் கீழே இறங்கியது. பெரியகருப்பன் அதன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார், தரையில் படாமல்.

துணியைச் சுருட்டிக் கட்டியதும் சீதை முருகனை ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு தேங்காயை ஓங்கி, வஜ்ரத்தூண் டப்பாக்கள் அடுக்கியிருந்த மேசையின் காலடியிலேயே உடைத்தாள். தண்ணீர் டப்பாக்களில் பாதி, ஜிப்பாவில் பாதி.

"ரதத்துக்கு நேர்ந்துக்கிட்டது. கை தவறிப்போச்சு, முதலாளி" என்றாள்.

மறுவாரத்திலிருந்து பேப்பரில் அந்த முகம் வரவில்லை. வேறொரு பெயரில், வேறொரு பெட்டி எண்ணில் அந்த ஆள் மறுபடி முளைப்பார் என்று காமாரியா சொல்கிறாள். முளைக்கட்டும் என்கிறாள் சீதை. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தேங்காய் மலிவாகத்தான் கிடைக்கிறது.

அந்தத் துணியை அவள் வீட்டுக் கூடத்தில் விரித்து, முட்டி போட்டு, கத்தரியால் வெட்டினாள். 'வஜ்ரத்தூண்' என்ற எழுத்துகள் வாசலில் கால்துணி ஆயின. இப்போது அந்த வீட்டுக்குள் நுழைகிற எவரும் அதில் காலைத் துடைக்காமல் வர முடியாது. அப்துல் ஹமீதுகூடப் பதிவுத் தபால் கொண்டுவந்தால் பூட்ஸை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேய்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு நீட்டுகிறார்.

முகம் இருந்த துண்டை மட்டும் அவள் வெட்டவில்லை. மடித்து மடித்துச் சிறிதாக்கி, அலமாரியில், பெரியகருப்பனின் வெள்ளைச் சட்டைக்குக் கீழே வைத்தாள். சில சாயங்காலங்களில், அவள் சமையலறையில் இருக்கும்போது, அலமாரிக் கதவு முனகும். அப்போதெல்லாம் சீதை குழாயைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.